மகளுக்கு வாங்கிய கிட்டார்

கிட்டார் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அது என் தவறுதான். நான் விழுப்புரத்தில் கணக்கு டீச்சர். வீடு திண்டிவனத்தில். கணவர் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார், காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஒரே மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பகலில் வீட்டில் வாங்கி வைக்க ஆள் இல்லை என்று பள்ளி முகவரியைப் போட்டேன். இவ்வளவு நீளமான பெட்டியில் வரும் என்று நினைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூரியர்காரர் அதைத் தோளில் சுமந்துகொண்டு நேராக ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டார். அட்டைப்பெட்டியின் மேல் மின்சாரக் கிட்டாரின் படம் ஆளுயரத்துக்கு அச்சாகியிருந்தது. எல்லோரும் டிபன் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். பக்கத்து மேஜை அறிவியல் டீச்சர்தான் முதலில் கேட்டார்.

"பொண்ணுக்கா டீச்சர்?"

"ம்ம்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "நான் படிக்கறப்ப எங்க வீட்ல கீபோர்டு கேட்டேன், மொதல்ல மார்க் எடுன்னுட்டாங்க. இவங்கள பாருங்க, கேட்டதும் வாங்கிக் குடுத்திருக்காங்க" என்றார் அறிவியல் டீச்சர். செய்தி தலைமையாசிரியை வரைக்கும் போனது. அவர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஆண்டு விழாவுக்கு பொண்ண கூட்டிக்கினு வாங்க, மேடையில வாசிக்கட்டும்" என்றார். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். 'எனக்குத்தான்' என்று ஒரு வார்த்தை. அது வாய் வரைக்கும் வரவில்லை.

பெட்டியோடு பஸ்ஸில் ஏறினேன். படம் தெரியாமல் திருப்பி ஓட்டுநருக்குப் பின்னால் சாய்த்து வைத்து, அது விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டையைக் காலடியில் வைத்திருந்த அம்மா விசாரித்தார்.

"இன்னாம்மா இது, ஸ்டாண்டு ஃபேனா?"

"இல்லீங்க, பாட்டு வாசிக்கறது."

"புள்ளைக்கா?"

தலையாட்டினேன். இரண்டாவது முறை இன்னும் சுலபமாக இருந்தது. அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது.

சின்ன வயதில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் சாதாரண மரக் கிட்டார் வாசித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தை, பி.எட்., வேலை, தினமும் பஸ் என்று போனதில் அது பரணுக்கு ஏறியது. மகளை மதுரையில் விட்டுவிட்டு வந்த பிறகு ஒருநாள் இறக்கிப் பார்த்தேன். கழுத்து வளைந்து, கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. அன்றிலிருந்து போனில் கிட்டார் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து ஒருநாள் வாங்கியே விட்டேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். "உனக்கு வேணும்னா வாங்கிக்கோ, அதுக்கு எதுக்கு இவ்ளோ காரணம் சொல்லிக்கினு இருக்க?" என்று கேட்டுவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது முதலில் பட்டது அதன் நிறம். போனில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது நேரில் நகப்பூச்சுச் சிவப்பாக இருந்தது. பிறகு அதன் கனம். மரக் கிட்டார் வயிறு உப்பிய, லேசான பொருள். இது ஒல்லி, ஆனால் அம்மிக்குழவியைத் தூக்குவதுபோல் கனத்தது. பட்டையைத் தோளில் மாட்டியதும் புடவை மடிப்பு நழுவிக் கசங்கியது. நைட்டிக்கு மாறி வந்து மறுபடியும் மாட்டினேன். பீரோக் கண்ணாடியில் நரைத்த முன்முடியும், நைட்டியும், வயிற்றின் மேல் அந்தச் சிவப்பும் தெரிந்தன. ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

மின்சாரம் இல்லாமல் தட்டிப் பார்த்தேன். கொசுவலைக் கம்பியை ஈர்க்குச்சியால் தட்டியது போல ஒரு சத்தம். கூடவே வந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் சொருகியதும் 'உர்ர்' என்று உறுமியது. பயந்து கம்பியில் கையை வைத்தேன். உறுமல் தணிந்தது. கையை எடுத்தால் மறுபடியும் உறுமியது. பழகாத நாயோடு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

பாடகர் குழுவில் வாசித்த அதே பிடியைப் பிடித்து மீட்டினேன். சுதி விலகி ஒலித்தது. கம்பிகளைச் சரிசெய்து மறுபடியும் மீட்டினேன், அதே கோணல். பொருள்தான் மட்டமோ, திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. இதன் கம்பிகள் நூல் மாதிரி மெல்லியவை. பழைய கிட்டாரில் அழுத்திய வலுவோடு அழுத்தினால் கம்பி வளைந்து சுதி ஏறிவிடுகிறது. விரலை லேசாக்கினேன். அப்போது வேறொன்று கேட்டது. ஒரு கம்பி இரைந்தது, ஒன்று ஒலிக்கவே இல்லை, விரல் இடம் மாறும்போதெல்லாம் கீச்சென்றது. இதெல்லாம் புதிதாக வந்த குறைகள் அல்ல. சர்ச்சில் எல்லோரும் பாட, கீபோர்டு முழங்க, நடுவில் நான் மீட்டியது யாருக்கும் தனியாகக் கேட்டதில்லை. எனக்கும்தான் கேட்டதில்லை. நன்றாக வாசிக்கிற பெண் என்று என்னைச் சொல்வார்கள். அதை இத்தனை வருஷமும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டு வந்தேன். அதை மாட்டினால் ஸ்பீக்கர் பெட்டி வாயை மூடிக்கொள்ளும், தப்பெல்லாம் என் காதோடு போய்விடும். பள்ளியிலிருந்து வந்து காபி குடித்ததும் உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நாளில் விரல்கள் இடம் பழகின. அந்தச் சிவப்பும் கண்ணை உறுத்துவதை விட்டது.

ஒரு மாலை வாசித்துக்கொண்டிருந்தபோது தோளை யாரோ தொட்டார்கள். துள்ளி விழுந்தேன். பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பின்கதவு வழியாக வந்திருக்கிறாள். முகத்தில் கவலை.

"கூப்டு கூப்டு பார்த்தேன்க்கா, காதுல உழல போல. இன்னா ஆச்சுக்கா? அண்ணனுக்கும் உனக்கும் எதுனா பிரச்சினையா?"

"இல்லியே, ஏன் கேக்கற?"

"தினிக்கும் இந்நேரத்துக்கு அழுதுகினே கெடக்கறியே. நானும் கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். இன்னிக்கு எங்க மாமியாரே, போய் பாருடி, பொம்பள ஒண்டியா கெடந்து அழுவுதுன்னு அனுப்பிச்சாங்க."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. ஹெட்போனுக்குள் கிட்டார் முழங்க, நான் கூடவே பாடியிருக்கிறேன். என் குரல் எனக்குக் கேட்காததால் கத்திப் பாடியிருக்கிறேன். கிட்டார் அவர்களுக்குக் கேட்டதே இல்லை. சுவர் வழியாகப் போனது என் வெறும் குரல் மட்டும்தான்.

"அது பாட்டு" என்றேன்.

"எது?"

"நான் பாடினது. இது வாசிச்சிக்கினு."

அவள் கிட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஐயய்ய, பாட்டாக்கா அது! நாங்க கடைக்கு, அண்ணனுக்கு போன் போடலாமான்னு கூட பேசிக்கினு இருந்தோம்." நானும் சிரிக்கத்தான் செய்தேன். அவள் போனதும் ஹெட்போனை எடுத்து உள்ளே வைத்தேன், ஒரு வாரம் கிட்டாரைத் தொடவில்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வந்தாள். அவள் வந்த ரயில் திண்டிவனத்தில் நிற்காது. பள்ளி முடிந்து விழுப்புரம் ஜங்ஷனுக்கே போய்க் காத்திருந்தேன். செங்கல்பட்டுக்குப் போக அறிவியல் டீச்சரும் அதே நடைமேடையில் நின்றிருந்தார். ரயில் வந்து, மகள் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டபோதும் அவர் பக்கத்திலேயே இருந்தார்.

"கிட்டார் எப்படிம்மா போகுது? எச்.எம். கேட்டுக்கினே இருக்காங்க, ஆண்டு விழாவுக்கு நீ வந்து வாசிக்கணுமாம்."

கிட்டார் வாங்கியதை நான் மகளிடம் சொல்லவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ரயிலைப் பார்த்தேன்.

"இப்பதான் மிஸ் கத்துக்கினு இருக்கேன்" என்றாள் மகள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

வீட்டுக்குப் போகும் பஸ் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றபோதுதான் கேட்டாள்.

"யாரோட கிட்டார்ம்மா?"

"என்னோடது."

"அப்ப எனக்குன்னு ஏன் சொன்ன?"

"நான் சொல்லல. அவங்களா கேட்டாங்க, சரின்னுட்டேன். எனக்குன்னா சிரிப்பாங்க."

"அவங்க சிரிப்பாங்க, சரி. எங்கிட்ட ஏன் சொல்லல? நானும் சிரிப்பேன்னு நெனச்சியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே சொன்னாள். "நான் ஆஸ்டல்ல உக்காந்து, அம்மா தனியா இருக்குமே, என்ன பண்ணுதோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தினிக்கும் போன்ல பேசற. சாப்டியா, தூங்கினியான்னுதான் கேக்கற."

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தபோது பட்ட வெட்கம் வெறும் கூச்சம்தான். இது அப்படியில்லை. இது வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நெஞ்சிலேயே கிடந்தது.

வீட்டில் அவளே கிட்டாரை எடுத்தாள். "செம கலரும்மா" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசிக்கச் சொன்னாள். ஹெட்போனைத் தேடினேன். அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். மகள் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு பாட்டின் பாதி வரைக்கும் வாசித்தேன். நடுவே இரண்டு இடத்தில் பிசகியது. அவள் நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. "சவுண்ட மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கவாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் ஸ்பீக்கர் பெட்டியின் குமிழைத் திருப்பினாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, "மீதி?" என்றாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அறிவியல் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் உட்காராமலேயே சொன்னேன்.

"மிஸ், அந்த கிட்டார் பொண்ணுக்கு வாங்கினது இல்ல. எனக்கு வாங்கினது."

அவர் பேனாவை நிறுத்தினார். "உங்களுக்கா? இந்த வயசுலயா டீச்சர்?"

எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை மாதம் ஒளிந்தேனோ, அதே கேள்வி, அதே வார்த்தைகளில் வந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆமா மிஸ். இந்த வயசுலதான்."

"ஓ" என்றார். மறுபடியும் விடைத்தாளுக்குக் குனிந்துகொண்டார். தண்ணீர் குடிக்கும் சாக்கில் நான் வெளியே போனேன்.

மதியம் பத்தாம் வகுப்பில் வடிவியல் நடத்தினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்பெஞ்சில் கிசுகிசுப்பு. என்ன என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், நீங்க கிட்டார் வாசிப்பீங்களாமே?"

"கத்துக்கறேன்."

"நல்லா வாசிப்பீங்களா மிஸ்?"

"இன்னும் இல்ல."

வகுப்பு முழுவதும் சிரித்தது. காது மடல் வரைக்கும் எனக்குச் சுட்டது. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். அடங்கியதும், "சரி, தொடுகோட்ட வரைங்க" என்றேன். வரைந்தார்கள்.