யாரும் சாகாத எஸ்டேட்

போடிமெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில், அரசு சப்சென்டர் நர்ஸாக இருந்தேன். மாதாமாதம் மரண ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் நான் எழுதியது பூஜ்யம். ரிவ்யூ மீட்டிங்கில் மெடிக்கல் ஆபீசர் என்னைக் காட்டிச் சொல்வார்: “சிஸ்டரோட ஏரியாவைப் பாருங்க, மரணமே இல்ல. மலைக்காத்து!” எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

நான் பொய் எழுதவில்லை. ஒருவர் எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு. எங்கள் தொழிலாளிகளுக்கு நெஞ்சுவலி வந்தால் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் உயிர் போனாலும் டிரைவர் முருகேசன் வண்டியைத் திருப்ப மாட்டார். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அவர் பேஷன்ட்தான். அது எங்கள் ஊர் வழக்கம். அதனால் சாவு டவுன் ரிஜிஸ்டரில் ஏறும்.

ஒரு வருடம் எங்கள் வட்டாரத்துக்குப் புது ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. எங்களுக்குக் கேட்டேன். “மரணமே இல்லாத இடத்துக்கு எதுக்கு சிஸ்டரே?” என்றார் ஆபீசர். அவர் கையில் இருந்த ரிப்போர்ட்டில் என் கையெழுத்து. ஆம்புலன்ஸ் டவுனுக்கே போனது.

அந்த மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாளுக்கு நெஞ்சுவலி. ஜீப்பில் நானும் போனேன். பாதி வழியில் நாடி நின்றது. நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் கை நழுவியது. “டாக்டர் சொல்லட்டும் சிஸ்டர்” என்றார் முருகேசன், திரும்பிப் பார்க்காமல்.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாளின் கணவர் சுடலை வந்தார், டெத் சர்டிபிகேட் கேட்டு.

“டவுன்லதான் வாங்கணும்ணே. இங்க பதிவு இல்ல.”

“அப்ப இதுல என்ன எழுதுறீங்க?”

“இந்த மாசம் இங்க யாரும் சாகலைன்னு.”

“அப்ப எம்பொண்டாட்டிய வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க சிஸ்டர்.”

கோபப்படாமல்தான் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். ஜீப்பில் போய் உயிரோடு திரும்பாதவர்களின் பெயர்களை முருகேசனிடம் கேட்டு எழுதினேன். அடுத்த மீட்டிங்கில் அத்தனையையும் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை.

“என்ன சிஸ்டரே, திடீர்னு உங்க ஏரியா மோசமாயிடுச்சே?”

“எப்பவும் இப்படித்தான் சார்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இறந்த இடத்தைச் சட்டப்படி எழுதுங்கள். புறப்பட்ட இடத்தையும் தனியாக எழுதிவையுங்கள்.

மறுவருடம் எங்களுக்கும் ஆம்புலன்ஸ் வந்தது. அதில் முதலில் போனவர் சுடலை. அவருக்கும் நெஞ்சுவலி. பத்தாம் நாள் பஸ்ஸில் திரும்பி வந்தார். அந்த மாதமும் பூஜ்யம் என்றுதான் எழுதினேன், நோட்டிலும் புதுப் பெயர் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு.