பச்சைக் கோடு கிள்ளானுக்கு வந்த கதை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் நாத்தனார் விட்டுப்போன பெண். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். எழுத்து பெரிதாக விழும், வரி மேலே ஏறும். ஏறட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்த வாரம் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மூத்த மகன் கிள்ளானில் வீடு வாங்கி எங்களைக் கூப்பிட்டுவிட்டான். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. நான் ஒன்றைக் கட்டுவேன், எதையோ மறந்த மாதிரி இருக்கும், அவிழ்ப்பேன், மறுபடியும் கட்டுவேன். கீழே தெருவில் பழைய சாமான் எடுக்கும் லோரி "சூராட் கபார் லாமா", பழைய பேப்பர் இருக்கா என்று, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் கேட்டாலே என் கண் சன்னலோர மேசைக்குப் போய்விடும். அங்கேதான் அந்த ஸ்கோப்பு இருந்தது.

என் வீட்டுக்காரர் ரேடியோவும் கோயில் ஒலிபெருக்கியும் பழுது பார்த்தவர். ஸ்கோப்பு அவருடைய கருவி. கனத்த இரும்புப் பெட்டி, முகத்தில் வட்டக் கண்ணாடி, உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். கம்பியில் மின்சாரம் ஏறி இறங்குவதை அந்த வட்டத்தில் பச்சைக் கோடாகக் காட்டும். கோட்டைப் பார்த்துத்தான் பழுது எங்கே என்று சொல்வார். இப்போது அதற்கே பழுது. வால்வுகள் சிவக்கும், கோடு வரும், கொஞ்ச நேரத்தில் மங்கிக் காணாமல் போகும். திறந்து பார்க்க அவரால் முடியாது. கண்ணில் புரை, கையில் நடுக்கம்.

மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "மா, கோடு மங்காம நின்னா கிள்ளானுக்கு வரும். நிக்கலன்னா சனிக்கிழமை லோரிக்காரன்கிட்ட குடுத்துடுங்க. புது வீட்டுல குப்பைய அடுக்க முடியாது லா."

நாற்காலியிலிருந்து இவர் சொன்னார்: "அது வர்லன்னா நானும் வர்ல. நீங்க போங்க."

"பாத்தீங்களா மா? இவரு உங்களைக் கட்டுனாரா, பொட்டியைக் கட்டுனாரா?"

"பொட்டிதான்டா மூத்தவ. நான் அப்புறம் வந்தவ" என்றேன்.

மகன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான், நகர மாட்டார். எனக்குத் தெரியும். பாயைப் போட்டு அங்கேயே படுத்துவிடுவார். வீட்டுச் சாவியை வேறு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் நானே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

எனக்கு இது தெரியாத வேலை இல்லை. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் சோல்டர் பிடித்துத்தான் என் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஆனால் ஸ்கோப்பை மட்டும் இவர் என்னைத் தொடவிட்டதில்லை. வருடத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு வெளியே துடைத்துச் சந்தனம் வைப்பதோடு என் உரிமை முடிந்தது.

"கண்டென்சர் வயசாயி செத்துருக்கும், அதை மாத்து" என்றார். பழைய பெட்டிக்கு நேராகக் கரண்டு கொடுக்கக் கூடாது, நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்து மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்றார். மகன் ஜாலான் பாசார் கடையில் கண்டென்சர் வாங்கி வந்தான். மாற்றினேன்.

"ஊதாத, ஈயம் தானா ஆறட்டும்!"

"ஃபேக்டரியில எனக்கு யாரு, உங்கப்பாவா சொல்லிக்குடுத்தாரு? சும்மா இருங்க."

கோடு வந்தது. சோறு வடித்துவிட்டுத் திரும்பினேன், போயிருந்தது. வால்வை மாற்றிப் போட்டோம். அதே கதை. வெயில் நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், மழை பிடித்தால் உடனே மங்கும். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நான் சமையலறைக்கும் மேசைக்கும் நடந்தேன். லோரி கூவியது.

மதியம் நல்ல மழை. ஸ்கோப்புக்குக் கரண்டு கொடுத்துவிட்டு நின்றேன். கோடு மங்கும்போது சந்தன வாசனை வந்தது.

"பத்தி கொளுத்துனீங்களா?"

"சாமிப் படமெல்லாம் நேத்தே கிள்ளான் போயாச்சு. எங்க கொளுத்துறது?"

அவர் சொன்னது சரி. வீட்டில் ஒரு பத்திகூட இல்லை. குனிந்து முகர்ந்தேன். வாசனை பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கிய கரண்டை இறக்கிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு விழுகிற படக் குழாயின் அடியில், அதிக வோல்ட் போகிற கம்பிகளைப் பிடித்திருக்கும் பலகையில், தடித்துப்போன சந்தனம். வருடா வருடம் ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் குங்குமம். ஓரமெல்லாம் கருகியிருந்தது. மழை ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ள, கரண்டு அதன் வழியே கசிந்து போயிருக்கிறது. கோட்டுக்குப் போக வேண்டியதைப் பொட்டு குடித்திருக்கிறது.

"வெளியில பொட்டு வச்சது நான். உள்ள வச்சது யாரு?"

இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"அதான் அதுக்கு உயிர் இருக்கிற எடம்" என்றார் மெதுவாக. "அங்க வைக்காம வேற எங்க வைக்கிறது?"

"நான் வெளியே தூசு தட்டுனாக்கூட கத்துவீங்க. நீங்க மட்டும் ஆயிரம் வோல்ட்டுல கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க!"

பழைய பல் துலக்கியும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். காயவைக்க ஹேர் டிரையர் வேண்டும். அது எந்தப் பெட்டியில்? கட்டினதையெல்லாம் மறுபடி அவிழ்த்தேன். தலையணைக்கு நடுவில் கிடந்தது. பலகை சுடச்சுடக் காய்ந்ததும் பல்பைச் சேர்த்துக் கரண்டு கொடுத்தேன். வால்வுகள் சிவந்தன. கோடு வந்தது. வெளியே மழை விடவில்லை. கோடும் போகவில்லை. நான் சமையலறைக்குப் போனேன், வந்தேன், திரும்பவும் போனேன். கோடு மங்காமல் நின்றது.

இவர் நாற்காலியை இழுத்து முகத்தைக் கண்ணாடியிடம் கொண்டுபோய்ப் பார்த்தார். "பச்சையா தெரியுது" என்றார். "சரி, என் சட்டையெல்லாம் எந்தப் பொட்டியில போட்ட?"

சனிக்கிழமை லோரி வந்தது. பழைய பேப்பரை மட்டும் கொடுத்தோம். ஸ்கோப்பு என் மடிமேல் பாதியும் கார் சீட்டின்மேல் பாதியுமாகக் கிள்ளானுக்கு வந்தது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவர் போட்டுக் காட்டுகிறார். "கண்டென்சர் போயிருந்துச்சு, மாத்துனோம்" என்கிறார். மாத்துனோமாம். பொட்டைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆயுத பூஜை வேறு வருகிறது. சந்தனக் கிண்ணத்தை இவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன், இருந்தாலும் மனசு நிற்காமல் அலைகிறது.

பேத்தி தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். இங்க வாம்மா. சோறு அப்புறம் சாப்பிடலாம். இதை எனக்குப் படிச்சுக் காட்டு. கூடத்துல நின்னு சத்தமா படி. மொதல்ல தாத்தாவைக் காது மெஷினை மாட்டச் சொல்லு. பொட்டு வச்ச எடத்தை மட்டும் ரெண்டு தடவை படி.