கேட்டால்தான் தெரியும்

போன வருடம் சித்திரை மாதம். விபத்துக்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குப் போய்விட்டு, உக்கடத்தில் பஸ் ஏறி துடியலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய வருடம் ஸ்கூட்டரில் போகும்போது லாரி உரசி விழுந்ததில், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி, கம்பியைப் பிடித்து நடக்கப் பழகி, பிறகு கம்பியில்லாமலும் நடந்தேன். "ஆரம்பத்துல கொஞ்ச நேரம் மட்டும் போடுங்க, வலிச்சா கழட்டிப்போடுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஜவுளிக் கடையில் பில் போடும் இடத்தில் எல்லோர் முன்னாலும் எப்படிக் கழற்றுவது? சேலை மறைத்திருந்ததால் புதிதாக வந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கூட்டிப்போக வருகிறேன் என்ற கணவரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் வலி தெரிந்தது. வெயிலில் வியர்த்து, செயற்கைக் காலில் மீதிக் காலை நுழைக்கும் கிண்ணத்துக்குள் தோல் உரசி எரிந்தது. காந்திபுரம் வந்தபோது நல்ல கூட்டம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, கொஞ்சம் எந்திரிங்க. மாசமா இருக்கறவங்க நிக்கறாங்க பாருங்க" என்றார்.

என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எழுந்து அவளை உட்காரவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த சிக்னலில் டிரைவர் பிரேக் போட, அப்படியே அந்தப் பெண்மேல் சாய்ந்துவிட்டேன். என்னைத் தாங்க நீட்டிய அவள் கை, சேலைக்கு மேலாக என் இடது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்தது. பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க" என்று எழப்போனாள். நான் அவள் தோளை அமுக்கி, "வேண்டாம் கண்ணு, யார்கிட்டயும் சொல்லிப்போடாத" என்றேன்.

அவள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "எனக்கு வயிறு தெரியுதுங்க்கா. அதனால நான் கேக்காமயே எடம் குடுக்கறாங்க. உங்களுக்கு முடியலைன்னு நீங்க கேட்டாத்தானுங்க மத்தவங்களுக்குத் தெரியும்."

அவள் நினைத்திருந்தால் அவளே சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்துக்குள் ஈரம் பிசுபிசுத்தது. வியர்வையா ரத்தமா தெரியவில்லை. இன்னும் ஒரு பிரேக் போட்டால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.

"எனக்கு ஒரு கால் செயற்கைக் காலுங்க. நிக்க முடியலைங்க. யாராச்சும் எடம் குடுங்க."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா எழுந்து, என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தெரியாம எழுப்பிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர்மேல் என்ன தப்பு?

துடியலூரில் நான் இறங்கி, இரண்டு கால்களும் தரையில் நிலையாக நிற்கும்வரை கண்டக்டர் விசில் கொடுக்காமல் காத்திருந்தார். அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் அசைத்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதுவரை கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் காலைக் கழற்றுவேன். அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கூப்பிட்டு, அவர் எதிரிலேயே கழற்றினேன். உள்ளே போட்டிருந்த உறையில் ரத்தம் படிந்திருந்தது. அவர் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, கீழே உட்கார்ந்து துடைத்துவிட்டார். இருவருமே அழுதோம்.

இப்போது நன்றாகவே நடக்கிறேன். ஆனாலும் அந்தக் காலை என் காலாக நான் ஏற்றுக்கொண்டது, நடக்கப் பழகிய நாளில் அல்ல, நிற்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன அந்தச் சாயங்காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.