ஒரே அளவில் பதினொரு தோல்

பதினொரு தோலுக்கும் ஒரே அளவு அச்சாகியிருந்த அந்தக் காகிதச் சுருள் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு ஆட்டுத்தோல் ஒரே அளவில் இருக்காது என்பது ஆம்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோலளக்கும் மிஷினில் நின்ற மாதனூர் அக்கா, வேலை ஜாஸ்தி முடித்ததாகக் காட்ட ஒரே தோலைத் திரும்பத் திரும்ப விட்டிருக்கிறார் என்றார் சூப்பர்வைசர். "நான் ஏன் சார் அப்படிப் பண்ணப் போறேன்? மிஷின்லதான் இன்னாவோ கோளாறு" என்று அக்கா என்னைப் பார்த்தார். அந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதியவன் நான். என் மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. "மிஷின் பொய் சொல்லாதுக்கா" என்றேன். என்ன திமிர் எனக்கு! மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அக்கா வரவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் புரோகிராமைத் திறந்தபோதுதான் உறைத்தது. அளக்காமல் விட்டுப்போன தோலை அதன் இடத்திலேயே சேர்க்க ஒரு பட்டன் வைத்திருந்தேன். அழுத்தினால், பட்டியலில் அதற்குக் கீழே உள்ள எண்கள் ஒவ்வொரு கட்டம் தள்ளி உட்கார வேண்டும். கடைசி எண்ணிலிருந்து தள்ளினால் பத்திரம். முதல் எண்ணிலிருந்து தள்ளினால் அது இரண்டாவதை அழிக்கும், பிறகு அதுவே மூன்றாவதையும் அழிக்கும். கடைசிவரை ஒரே எண்தான். இதைப் பார்த்துச் செய்யத்தான் மெம்மூவ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நான் எழுதியிருந்தது மெம்காப்பி. அது எந்த முனையில் தொடங்கும் என்று உறுதி கிடையாது. என் கணினியில் கடைசியிலிருந்து தொடங்கியது, மிஷினில் முதலிலிருந்து. மற்ற ஆபரேட்டர்கள் விட்டுப்போன தோலைக் கடைசியில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பட்டனைத் தேடி அழுத்தியவர் அக்கா ஒருவர்தான்.

ஒரு சொல்லை மாற்றினேன். 'சிறு திருத்தம்' என்று குறிப்பெழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளுவது போல இருந்தது. கேன்டீனில் எப்போதும்போலச் சாப்பிட்டேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பேச்சு பரவிவிட்டதால் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லையாம். களை எடுக்கப் போகிறாராம்.

"மிஷின் இப்ப நல்லா ஓடுதா தம்பி?"

"ஓடுதுக்கா."

"அப்ப நான்தான் தப்பா இன்னாவோ அமுக்கிட்டேன் போல. உன்னையும் பேஜார் பண்ணிட்டேன்."

பஸ் வந்தது. சன்னலோர இடத்தில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துத் தந்தார். உட்கார்ந்துகொண்டேன்.