நோயில்லாத அமுதவல்லி

அமுதவல்லிக்குத் தைராய்டு இல்லை. சர்க்கரையும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொன்னதும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் அழுதார்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? எல்லாம் நார்மல்னுதானே சொல்றேன்" என்றார் அந்த இளம் டாக்டர்.

"ஏதாச்சும் ஒண்ணு இருக்கும்னு நெனச்சு வந்தேன் டாக்டரம்மா."

"இல்லாததுக்குச் சந்தோஷப்படுங்க. முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதியிருக்கேன். எடையைக் கொஞ்சம் கொறைச்சா காலுக்கு நல்லது. வேற ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க."

தனக்கு ஒரு நோய் இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கும் இடத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

அமுதவல்லி கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோதே கனமான பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர், நெல் கொட்டி வைக்கும் 'குதிரு'. ஆசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, அவர் காதுபடவே, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு நகையைக் கூட்டிக் கேட்டார்கள். கல்யாண வீடுகளில் பரிமாறுகிறவர்கள் அவர் முன்னால் வந்ததும், "அக்காவுக்கு ரெண்டு எலையாப் போடுங்கப்பா" என்பார்கள். பந்தியே சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் "வெளையாட்டுக்குச் சொன்னதுக்குக் கோவத்தைப் பாரு" என்று இன்னொரு பேச்சு வரும். பாதி இலையில் எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிடுவார். நாற்பத்தாறு வயதுக்குள் அவர் ஒரு விருந்திலாவது வயிறாரச் சாப்பிட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

திருமணமாகி வந்தது திருவரங்குளத்துக்கு அருகில் ஒரு கிராமம். கணவர் நாகராசு குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் இளமதி திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வீட்டில் அமுதவல்லி மட்டும். ஊர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். உதவியாளர் பொன்னுத்தாய் ஈர்க்குச்சி போல இருப்பார். பிள்ளைகள் ஒருவரைப் பெரியாயா என்றும் மற்றவரைச் சின்னாயா என்றும் கூப்பிடுவார்கள். அமுதவல்லியின் உடம்பைப் பார்த்து வைத்த பெயர்களில் கேலி இல்லாதது அது ஒன்றுதான்.

சத்துணவுக் கூடத்தில் ஒரு விதி உண்டு. சோறு இறங்கியதும் சமைத்தவரும் ஆசிரியர் ஒருவரும் முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்து, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும். அமுதவல்லி கரண்டியை வாயில் வைக்க மாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, ஆறவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், திருவரங்குளம் கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து காரில் வந்த ஓர் ஆள் போகிற வழியில் பள்ளியில் இறங்கினான். பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் கொடுத்தான். கொடுப்பதை நண்பன் படம் பிடித்தான். நல்ல காரியங்களைச் செய்து இணையத்தில் போடுவது அவன் வழக்கமாம். திரும்பும்போது சமையற்கூடத்துச் சன்னல் வழியே அமுதவல்லி தெரிந்தார். கையில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதையும் பிடித்துக்கொண்டான். அன்று மாலை படம் வெளியானது. மேலே ஒரு வரி: "ஏழைப் பிள்ளைகளின் சோற்றில் யார் கொழுக்கிறார்கள், பாருங்கள்."

பார்த்தார்கள். பார்த்தவர்கள் எழுதினார்கள். "அரிசி மூட்டைக்குச் சேலை கட்டி விட்டது யாருப்பா?" "இந்த ஆன்ட்டி இருக்கிற எடத்துல முட்டை எப்புடி மிஞ்சும்?" "கொழந்தைகளை எண்ணிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு கொறையும்." சிரித்து அழும் முகங்கள் வரிசை வரிசையாக. ஒருவர் தன்னை ஆசிரியர் என்று குறிப்பிட்டிருந்தார். ஒருவர் பெயருக்குக் கீழே 'அன்பே சிவம்' என்று இருந்தது.

கைரேகையைப் பார்த்து ஆயுள் சொன்னோம். மச்சத்தைப் பார்த்துக் குணம் சொன்னோம். இப்போது இடுப்பைப் பார்த்துத் திருட்டு சொல்கிறோம். கையில் இருக்கும் கருவி மட்டும் விஞ்ஞானம் கொடுத்தது.

மேலிடத்திலிருந்து வந்து இருப்பைச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சொல்லிவிட்டுப் போனார்கள். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

ஊர்க்காரர்களாவது விதியை அறிந்தவர்கள் என்று நினைக்கலாம். ஆனால் இங்கே படையலுக்கு ஆக்கும் சோற்றை உப்புக்கூடப் பார்க்காமல் இறக்குவதுதான் பழக்கம். பார்த்தால் எச்சில். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த கண்களுக்கு அமுதவல்லி செய்தது குற்றமாகத்தான் தெரிந்தது. நான்காம் வகுப்புப் பையனின் தாய் முத்துமாரியம்மாள் சமையற்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. இருந்தாலும் புள்ளைக திங்கிறதுக்கு முன்னாடி நம்ம வாயில வெக்கலாமா? சாமிக்கு ஆக்குறப்ப அப்புடிச் செய்வமா?"

பொன்னுத்தாய் உள்ளிருந்தே கேட்டார். "சாமிக்கு வயித்தால போனா ஆசுபத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போறது?"

"இவ ஒருத்தி. நான் அக்காக்கிட்டப் பேசுறேன்."

"அக்காவைத்தான் ஒலகமே பேசுதே. நீங்க வேற என்னத்தப் பேசப் போறீக?"

முத்துமாரியம்மாள் போய்விட்டார். போகும்போது அமுதவல்லியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பல வருடமாகப் பார்த்துப் பழகிய உடம்புதான். படத்தில் பார்த்த பிறகு புதிதாகத் தெரிந்தது போலும்.

தலைமையாசிரியர் ரகுநாத் கெட்டவர் அல்ல. பயந்தவர். மறுநாள் இருவரையும் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்கு ருசி பாக்குறதைப் பொன்னுத்தாயி பாக்கட்டும்மா. நீங்க வேணாம்."

"எனக்கு வெத்தலை போட்டுப் போட்டு நாக்கே செத்துப்போச்சு சார். உப்பும் தெரியாது, ஒறப்பும் தெரியாது" என்றார் பொன்னுத்தாய்.

"பரவால்ல. நீ சாப்புட்டா யாரும் கேக்க மாட்டாக."

நாக்கு செத்தவர் ருசி பார்க்கலாம்; ஒல்லியாக இருந்தால் போதும். நாக்கு உள்ளவர் ஓரமாக நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எடுத்த முடிவு இது. அந்த வாரமே ஒரு நாள் சாம்பாரில் உப்பு இருமுறை விழுந்துவிட்டது. பொன்னுத்தாய் சாப்பிட்டுப் பார்த்து, "அருமையா இருக்கு" என்றார். கூடச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆசிரியர் அன்று வெறும் சோற்றைத்தான் வாயில் வைத்திருந்தார். பிள்ளைகள் குழாயடியில் வரிசை கட்டி நின்று தண்ணீர் குடித்தார்கள். "கவனமெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்று ரகுநாத் கேட்டது அமுதவல்லியைத்தான்.

அமுதவல்லி பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார். ஏறினால் யாராவது செல்போனைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடிப்பார்கள். வாரச் சந்தைக்குப் போவதையும் நிறுத்தினார். மகளுக்குப் போன் செய்தபோது அவள், "அந்தக் கமெண்ட்டையெல்லாம் படிக்காதம்மா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "காலையில வெறும் வயித்துல சீரகத் தண்ணி குடிச்சுப் பாரேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அமுதவல்லி அவளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை.

படம் குவைத்துக்கும் போனது. நாகராசுவின் அறையில் ஆறேழு பேர். கட்டுமாவடிக்காரர் ஒருவர் அதை எல்லாருக்கும் காட்டினார். அறையே சிரித்தது. நாகராசு ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அதே ஆள், "அண்ணே, இது ஒங்க ஊருப் பள்ளிக்கூடமில்ல?" என்று கேட்டபோதுதான் சொன்னார்.

இதை அவரே மனைவியிடம் தொலைபேசியில் சொன்னார். எப்போதும் முகம் பார்த்துப் பேசுகிறவர் இப்போது குரலில் மட்டும் பேசினார்.

"என் பொண்டாட்டிதான்னு சொன்னேன் புள்ள. ஒடம்புக்கு முடியாதவ, தைராய்டுன்னு சொல்லிட்டேன். ஒரு பய வாயைத் தொறக்கல. மன்னிப்புக் கேட்டானுக."

"எனக்கு எங்கங்க தைராய்டு இருக்கு?"

"இருக்கும். இல்லாமயா இப்புடி இருப்ப? டெஸ்ட் எடுத்து எனக்கு அனுப்பு."

அந்தச் சொல் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அமுதவல்லி பள்ளியில் இதைச் சொன்னதும் ரகுநாத்துக்குப் பெரிய நிம்மதி; ஒரு யோசனையும் சொன்னார். அமுதவல்லி ஒரு நிமிடம் செல்போன் முன்னால் நின்று தனக்கு நோய் இருப்பதைச் சொல்ல வேண்டும், அதை ரகுநாத் இணையத்தில் வெளியிடுவார், ஊர் வாயும் உலக வாயும் அடங்கும், பிறகு அமுதவல்லியே மீண்டும் ருசி பார்க்கலாம். நோயாளி என்றால் மன்னித்துவிடுவார்களாம். நோயில்லாத குண்டான பெண்ணுக்கு மன்னிப்பு இல்லை. அவர் செய்த குற்றம் என்னவென்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அமுதவல்லிக்கும் அது வழியாகத் தெரிந்தது. உண்மையாகவே நோய் இருந்தால் பொய் சொல்ல வேண்டியதில்லையே. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். நான் முதலில் சொன்ன அழுகை அதற்குப் பிறகு வந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனதும் ரகுநாத்திடம் சொன்னார். "இல்லையாம் சார்."

ரகுநாத்துக்கு முகம் விழுந்தது. "எதுவுமே இல்லையா?"

"முழங்கால் வலி இருக்கு."

"அது ஆகாது." கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, யாரு வந்து பாக்கப் போறா? தைராய்டுன்னே சொல்லிருங்க. நான் எழுதி வச்சுட்டேன். வாசிச்சா போதும்."

பதினொரு மணி இருக்கும். உள்ளே அடுப்பில் தக்காளி சாதம். சமையற்கூடத்துச் சுவரோரம் அவரை நிறுத்தி ரகுநாத் செல்போனைப் பிடித்தார். பொன்னுத்தாய் வாசற்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அமுதவல்லி தாளை வாங்கிப் பார்த்தார். 'நான் பல வருடங்களாகத் தைராய்டு நோயால் அவதிப்பட்டு வருகிறேன்' என்று தொடங்கியது. நல்ல கையெழுத்து. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா, ஓடுது."

"என் பேரு அமுதவல்லி. இந்தப் பள்ளிக்கூடத்துல சமைக்கிறேன்." நிறுத்தினார். "எனக்கு நோய் ஒண்ணும் இல்ல. நான் இப்புடித்தான். சோத்தை நான்தான் மொதல்ல திங்கணும். அது என் வேலை. இதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

ரகுநாத் செல்போனைத் தாழ்த்தினார். "இதைப் போட்டா மறுபடி ஆரம்பிச்சுருவாங்கம்மா. கிழிச்சுருவாங்க."

"அப்பப் போடாதீங்க சார்."

"நீங்க பொய் சொல்ல வேணாம். ஒடம்பு முடியலன்னு மட்டுமாவது…"

"முடியுது சார்."

ரகுநாத் அமுதவல்லியின் கண்முன்னாலேயே எடுத்ததை அழித்தார். அமுதவல்லி உள்ளே போய்ச் சாதத்தை இறக்கினார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் போட்டு, ஊதி ஆற்றிச் சாப்பிட்டார். ரகுநாத் வாசலில் நின்று பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "அப்பாடா, எனக்கு வேலை மிச்சம்" என்றார் பொன்னுத்தாய்.

இதை ஒரு வெற்றி என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் சொன்ன உண்மையைக் கேட்டவர்கள் இரண்டு பேர். பொய்யைப் பார்த்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை வேறு யாரோ வேறு ஒரு வரி போட்டு அனுப்புகிறார்கள். பென்சில் கொடுத்த ஆள் அவரை மறந்தே போயிருப்பான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகராசு கூப்பிட்டார். பின்னால் தட்டுகளின் சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன.

"ரிசல்ட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. ஒண்ணும் இல்லையாம்."

"ஒண்ணுமேவா?"

"ஆமா."

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது. "வாத்தியாரு எடுக்குறேன்னாரே, அதுல என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"ஏன் புள்ள, நான் இங்கிட்டு எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டேன்ல. பக்கத்துக் கட்டில்காரன் டெய்லி கேக்குறான், அக்காவுக்கு எப்புடி இருக்குன்னு. இப்ப நான் என்னன்னு சொல்றது?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கான்னு சொல்லுங்க."

தட்டுச் சத்தம் கேட்டது. யாரோ, "அண்ணே, சோறு ஆறுது" என்று கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன்" என்றார் நாகராசு. அது அவர்களுக்குச் சொன்னது. அமுதவல்லி காதில் வைத்தபடி காத்திருந்தார். எதிர்முனையில் அவர் உட்காரும் சத்தமும், ஒருவர் ஏதோ கேட்பதும், அதற்கு அவர் மெதுவாக என்னவோ சொல்வதும் கேட்டன. என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.