ஆண்டவருக்கு ஓர் அலுவல் கடிதம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆண்டவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேலே எங்கள் வீட்டு முகவரி, தேதி, கோடிட்ட தலைப்பு, எண் போட்ட பத்திகள், கீழே 'இப்படிக்கு' என்பதற்கு எங்கள் ஊரில் எழுதும் 'இக்கண்' என்று போட்டு என் கையொப்பம் என எல்லாம் முறைப்படி இருந்தன. அந்த வாரம்தான் பள்ளியில் அலுவல் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குப்பை அள்ள வராததைப் பற்றி மாவட்ட மன்றத்துக்கு நான் எழுதிய புகார்க் கடிதத்தை ஆசிரியர் வகுப்பில் உரக்க வாசித்து, "பாருங்க, விவரம்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்காவது எதையாவது விவரமாக எழுதிவிட வேண்டும் என்று கை பரபரத்துக்கொண்டிருந்தது.

அப்போது நாங்கள் மலேசியாவில் கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு எங்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தார். தினமும் பஸ் ஏறிப் புஞ்சாக் ஆலாமுக்குப் போய், பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த போட்டோஸ்டாட் கடையில் வேலை பார்த்தார். சித்திக்கு வலிப்பு வரும். இந்த ஒரு வரியை இங்கே எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்! எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு அது எப்போதும் 'அது'தான். "அது வந்துச்சா? அது வர்ற மாதிரி இருக்கா?" என்று கேட்பார். மாத்திரையைக்கூடச் சித்தி ஓர் இருமல் மிட்டாய் டின்னில் போட்டுத்தான் கைப்பையில் வைத்திருந்தார். கடையில் யாராவது கேட்டால் தொண்டை கரகரப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் செரண்டாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தொழிற்சாலையில் வேலை செய்பவர், எங்களைப்போலவே வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆராதனைக்கு வந்து, பிறகு வீட்டில் சாப்பிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்கள் 'அது' தெரிந்ததும் போனை எடுக்காமல் நின்று போயிருந்தன. இரண்டாவது முறை சித்தி அழவில்லை. துவைத்த துணிகளை எடுத்து மறுபடியும் துவைத்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இந்த முறையும் நின்றுபோனால் சித்தி என்ன செய்வாரோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் சபையில் ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. பெட்டி என்றால் பிஸ்கட் டின்தான், மூடியில் நீளமாக வெட்டியிருப்பார்கள். மனதில் உள்ளதை எழுதிப் போட்டால், பாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாக ஜெபம் செய்வார். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போனபோது என் கடிதத்தை எட்டாக மடித்து அதில் தள்ளினேன். வெட்டிய இடத்தில் நுழையாமல் அடம்பிடித்தது. ஸ்கேல் வைத்துக் குத்தி இறக்கினேன்.

அந்தக் கடிதத்தின் தலைப்பு, 'என் சித்திக்கு வலிப்பு வராமல் இருப்பது தொடர்பாக'. எந்தச் சொல்லைப் போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். 'அது' என்று எழுதினால் ஆண்டவருக்கு எது என்று குழப்பம் வரலாம். அவருக்கு எத்தனை வீட்டு 'அது' வந்து சேருமோ! அதனால் உள்ளபடியே எழுதினேன். முதல் பத்தியில், கடைசியாக எப்போது வந்தது, எங்கே வந்தது என்ற விவரம். இரண்டாம் பத்தியில், காலை ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை, இரவு ஒன்பதுக்கு ஒன்று, வேலை அதிகமானால் சித்தி மறந்துவிடுவார், யாராவது ஞாபகப்படுத்த வேண்டும், டின் கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கும். மூன்றாம் பத்தியில், வந்தால் அழுத்திப் பிடிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, பக்கத்தில் நின்று கத்தவும் கூடாது, கத்தினால் சித்திக்குப் பிறகு வெட்கமாக இருக்கும். நாங்கள் யாரும் வீட்டில் இல்லாதபோது வந்துவிட்டால் ஆண்டவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கக் கூடாதே என்று இதையெல்லாம் எழுதினேன். நான்காம் பத்தி ஒரே வரி: 'செரண்டாவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியக் கூடாது எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, நீலச் சட்டை போட்டிருந்தார். அவருடைய அம்மா எங்களுக்கு நேர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் பாஸ்டரம்மா, அதாவது பாஸ்டரின் மனைவி, எழுந்து மைக் முன்னால் வந்தார்.

"பாஸ்டர் ஈப்போ கூட்டத்துக்குப் போயிருக்காங்க. அதனால இந்த வாரம் விண்ணப்பங்கள எல்லாம் இங்கயே வாசிச்சு, சபையா சேர்ந்து ஜெபிக்கப் போறோம்" என்றார்.

பிஸ்கட் டின் மேடை மேசைமேல் இருந்தது. எல்லாரும் நல்லதொரு ஏற்பாடு என்று தலையாட்டினார்கள். முன் பெஞ்சு அம்மா, "ஆமென்" என்றார். அவருக்குப் பெரிய குரல்.

அம்மாவின் கையைச் சுரண்டிக் கழிவறைக்குப் போக வேண்டும் என்றேன். கழிவறை பின்பக்கம் இருந்தது, நான் முன்பக்கம் நடந்தேன். எப்படியாவது டின்னைத் தள்ளிவிட்டுப் பொறுக்குவதுபோலப் பொறுக்கி என்னுடையதை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம். மேசைக்கு நான்கு அடி இருக்கும்போது வாசலில் நிற்கும் அங்கிள் வந்து தோளைத் தொட்டார். "எங்கம்மா போற? டாய்லெட் அந்தப் பக்கம் லா. போய் உக்காரு, ஜெபம் ஆரம்பிச்சிட்டாங்க." சபை முழுவதும் என்னைப் பார்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். "ஏன்டி இப்படி வேர்க்குது உனக்கு?" என்று அம்மா காதோரம் கடிந்துகொண்டார்.

பாஸ்டரம்மா டின்னுக்குள் கைவிட்டார். ஒருவருக்கு லோரி லைசென்ஸ் கிடைக்க வேண்டும். ஆமென். ஒரு மகனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை. ஆமென். ஒருவருடைய முழங்கால். ஆமென். ஒவ்வொரு முறை கை உள்ளே போகும்போதும் நான் மூச்சைப் பிடித்தேன். என்னுடையது தடியானது, விரலில் படாமல் தப்பவே முடியாது. ஆண்டவரே, அந்தக் காகிதத்தை மாயமாக்கிவிடும் என்று மனதுக்குள் வேண்டினேன். இரண்டாவது விண்ணப்பத்தை எழுத நேரம் இல்லை.

வந்தது. எட்டு மடிப்பையும் பாஸ்டரம்மா பொறுமையாகப் பிரித்தார். மைக்கில் காகிதச் சத்தம் கேட்டது. "இது ஒரு..." என்று தொடங்கி நிறுத்தினார். அவருடைய கண்கள் கீழே இறங்கிக்கொண்டே போயின. பிறகு பக்கத்தைத் திருப்பினார். சபை காத்திருந்தது. முன் பெஞ்சு அம்மா செருமினார். நான் பக்கத்தில் இருந்த சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். சித்தி என்னைப் பார்த்தார், பிறகு பாஸ்டரம்மா கையில் இருந்த பள்ளிக்கூட நோட்டுத் தாளைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு குடும்பத்துல எல்லாரும் ஒரு பிள்ளைமேல ரொம்பப் பாசமா இருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு நல்ல சுகமும், கூட நின்னு பாத்துக்கிற நல்ல துணையும் கிடைக்கணும்னு ஜெபிப்போம்" என்றார்.

"ஆமென்!" என்று முன் பெஞ்சு அம்மா எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு பத்தி எழுதியிருந்தேன்! முகவரி இல்லை, மணி இல்லை, டின் இல்லை, ஒன்றுமே இல்லை. யாருக்கு, என்னவென்றே தெரியாமல் ஒரு விண்ணப்பமா? எங்கள் ஆசிரியராக இருந்தால் விவரம் போதாது என்று சிவப்பு மையில் சுழித்திருப்பார். பாஸ்டரம்மாவுக்கு என் கையெழுத்து புரியவில்லை என்றே முடிவு செய்தேன்.

மற்ற சீட்டுகளையெல்லாம் டின்னில் திரும்பப் போட்ட பாஸ்டரம்மா, என்னுடையதை மட்டும் தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்து எல்லாரும் கைகொடுத்துக்கொண்டு நின்றபோது சித்தியிடம் வந்து, கையைப் பிடிப்பதுபோலப் பிடித்து அதைக் கொடுத்ததை நான் பார்த்தேன். "யார் கிட்டயும் நான் சொல்லல மா. நீயே பாத்துக்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் சித்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையின் மூலையில் நின்று அந்தக் கடிதத்தை அவர் முழுவதும் வாசித்தார். மூன்றாம் பத்திக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன், புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "வெட்கமா இருக்கும்னு உனக்கு யாருடி சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, பார்த்தேன் என்றேன். சித்தி காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

வெளியே மாப்பிள்ளை காரின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி அவர்முன் போய் நின்று வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு சட்டென்று கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே சித்தியைக் கெடுத்துவிட்டேன் என்று ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு அழுதேன். அவர் வெயிலில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஏதோ கேட்டார், சித்தி தலையாட்டினார். பிறகு அதை நான் மடித்தபடியே எட்டாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வந்தவர் கைகழுவி உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மாவைப் பார்த்து, "மீன் குழம்பு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். யோசித்து யோசித்துக் கடைசியில் விடையைக் கண்டுபிடித்தேன். அவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது! எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ பேர் உண்டு. என் கோரிக்கையை நிறைவேற்ற, தமிழ் வாசிக்கத் தெரியாத மாப்பிள்ளையாகப் பார்த்து அனுப்பிய ஆண்டவரின் சாமர்த்தியத்தை வியந்து, நானும் இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. தன் அம்மாவிடம் அவர் எப்படிச் சொன்னார், எந்த வார்த்தையால் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது எனக்கு ஓர் அலுவலகத்தில் அறிவிப்புகள் எழுதும் வேலை. ஒவ்வொரு சொல்லையும் போடுமுன் இதை வாசிக்கப்போவது யார் என்று யோசித்துத்தான் போடுகிறேன். பாஸ்டரம்மா அந்த மைக் முன்னால் நின்ற அரை நிமிடத்தில் எத்தனை சொற்களைத் தள்ளிவிட்டு அந்த ஒரு வரியை எடுத்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் அறிந்த ஆண்டவருக்குத் தேவையே இல்லாத என் விவரங்கள் வேறொருவருக்குத் தேவைப்பட்டன என்பதையும்.

கல்யாணமான அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் சித்தியும் சித்தப்பாவும் எங்கள் சபைக்கு வந்தார்கள். காலை எட்டரைக்கு ஆரம்பம். முதல் வேதபாடம் வாசிக்கச் சித்தப்பாவை அழைத்தார்கள். அவர் எழுந்துபோய், ஓரிடத்திலும் தடுமாறாமல், ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தைத் தெள்ளத் தெளிவான தமிழில் வாசித்தார். நான் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் அன்றைக்குக் காரின் பக்கத்தில் நின்று முழுவதும் வாசித்திருக்கிறார். கடைசிப் பத்திவரை. பதறிப்போய்ச் சித்தியைப் பார்த்தேன். சித்தி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது. தன் சட்டைப் பையிலிருந்து அந்த இருமல் மிட்டாய் டின்னை எடுத்துச் சித்தி பக்கம் நீட்டினார். சித்தி அவரைப் பார்க்காமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அன்று எனக்கு விளங்கிவிட்டது. எல்லாம் தெரிந்த மனிதர் அன்றைக்கு வண்டி ஏறிப் போகாமல், உள்ளே வந்து ஏன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார் என்பதுதான் விளங்கவில்லை.