மைக் அக்காவின் ஏழு நாள் வாய்ப்பூட்டு

"நீ யாரு? உன்ன யாரு உள்ள விட்டது? சரி, வந்துட்ட. எவ்வளவு கேக்குற? அவ்வளவும் உன்னோடதுதானா? அதை யாரு பாத்தா?"

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, பூண்டு உரித்தபடி, திரையில் ஓடும் நிரலோடு மல்லுக்கு நிற்கிறார் மைக் அக்கா. காலை ஒன்பதரை மணி. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது. குடும்பச் சண்டை போலிருக்கிறது என்று ஒரு தலை எட்டிப் பார்த்து, ஆள் ஒருத்தர்தான் என்று தெரிந்ததும் ஏமாந்துபோய் மூடிக்கொள்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது, போகப் போகப் பழகிவிடும்.

மைக் என்பது ஆறு வயதில் பெரியக்கா வைத்த பேர். இப்போது வயது நாற்பத்தாறு, பேர் இன்னும் பொருந்துகிறது. பெரியக்கா உண்டாயிருந்த சேதியை இவர் காதில் ரகசியமாகப் போட்டுவைக்க, அன்று சாயங்காலமே அத்தானைப் பார்த்து, "அப்பா ஆகப்போறீங்களாமே" என்று கை கொடுத்தவர் பஸ் கண்டக்டர். அத்தான் தங்கமான மனிதர். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்.

தொழிலைக் கேட்டால் அக்காவே நாற்பது நிமிடம் சொல்வார். சுருக்கினால் இவ்வளவுதான். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு விதிப்படி தானாகத் திருப்பிக் கொடுக்கும் நிரல்கள் உலகத்தில் வந்துவிட்டன. பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்கேட்டில் ஏற்றி வைக்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். அதற்கு மேனேஜர் கிடையாது, காவல்காரர் கிடையாது, எழுதி வைத்தது எதுவோ அதுதான் சட்டம். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருடனும் படிக்கலாம். அதனால் நிறுவனங்கள் முந்திக்கொண்டு அறிவித்துவிடுகின்றன: ஓட்டை இருந்தால் திருடனுக்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள், சன்மானம் தருகிறோம். ஆனால் அதை அடைத்து முடிக்கும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது. ஓட்டை தேடுவது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூச்சு விடாமல் இருப்பதுதான் உயிர் போகிற பாடு.

முன்பு ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருந்தார். எழுதினவர்கள் பெருமையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். "வயசுன்னு கேக்குற எடத்துல மைனஸ் மூணுன்னு போட்டா என்ன பண்ணுவ?" என்று இவர் ஒன்றே ஒன்று கேட்பார், அவர்கள் முகத்தில் ஈயாடாது. அந்தப் பிரிவையே ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் இதைப் படித்தார், எல்லாம் வாய்விட்டுத்தான். முதல் ஓட்டையைக் கண்டுபிடித்து அனுப்பியபோது, மூன்று மணி நேரம் முன்னால் வேறொருவர் அனுப்பிவிட்டார் என்று பதில் வந்தது. முந்தியவருக்கே பரிசு, இவருக்கு ஒரு கும்பிடு. இரண்டாவதற்கு, "இது பிழை அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்" என்று எழுதினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அந்த வாசகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்குத் திட்டினால் இப்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறார்.

மூன்றாவது ஓட்டை போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்குக் கிடைத்தது. பெரிய பெட்டகம் அது, எத்தனையோ ஆயிரம் பேர் வட்டிக்குப் பணம் போட்டு வைத்திருக்கும் கான்ட்ராக்ட். முன்கதவு வழியாகப் பணம் எடுக்க வந்தால் அது ஆயிரம் கேள்வி கேட்கும். ஆபத்துக் காலத்துக்கென்று ஓர் அவசரக் கதவும் வைத்திருந்தார்கள். அந்தக் கதவு, நீ உறுப்பினரா என்று கேட்டது. எடுக்கிற பணம் உன்னுடையதா என்று கேட்க மறந்துவிட்டது. ஒரு காசு போட்டவன் ஊர்க்காசு மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகலாம். அசலைத் தொடக் கூடாது என்பது தொழில் தர்மம், ஆகவே அக்கா தன் கணினிக்குள்ளேயே பெட்டகத்தின் நகல் ஒன்றைச் செய்து, அதில் ஒரு காசு போட்டு, அவசரக் கதவைத் தட்டினார். பெட்டகம் துடைத்துவைத்த மாதிரி காலியாகிவிட்டது.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மேசையை மூன்று சுற்றுச் சுற்றினார். பூண்டுத் தோல் வீடெல்லாம் பறந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். எந்த மனிதரிடமும் சொல்லக் கூடாது என்றுதானே விதி? ஃப்ரிட்ஜைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கீரைக்கட்டிடமும் பால் பாக்கெட்டிடமும் முழுக்கதையையும் சொன்னார். பிறகு அறிக்கையை எழுதி அனுப்பினார். நிறுவனத்தில் இதையெல்லாம் வாங்கிப் பார்க்கிறவர் நத்தை என்ற புனைபேரில் இருப்பவர். நத்தையின் பதில் ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஓட்டை உண்மை, உச்சபட்ச ஆபத்து, கண்டுபிடித்தவர் நீங்கள்தான், தயவுசெய்து யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பெட்டகத்தில் எந்த மாற்றம் செய்தாலும் அறிவித்து ஏழு நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும் என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. வேறு நாலு சில்லறை மாற்றங்களோடு சேர்த்து இதையும் சத்தமில்லாமல் நுழைக்கப் போகிறார்கள். அடுத்த செவ்வாய் வரை யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது.

சரி என்று எழுதி அனுப்பிவிட்டு, இன்னொரு சுற்று ஆடலாம் என்று எழுந்தவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, அத்தானும் அதே பெட்டகத்தில்தான் பணம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு மேல் மாடி கட்டச் சேர்த்த பணம். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அத்தானுக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறுகூடப் பகலில் பெரியக்கா வேலைக்குப் போய்விடுவதால் மதியச் சாப்பாடு அவருக்கு இங்கேதான். எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடுவார். கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம் எல்லாம் அந்தப் பெட்டகத்தைப் பற்றிப் புகழ்ந்து, பதினோரு பேரைச் சேர்த்தும் விட்டிருக்கிறார். தான் மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பதினோரு பேரை அம்போ என்று விடுகிற ஆள் இல்லை. அவர்கள் எடுப்பார்கள், ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், நாலில் ஒருவன் அந்த நிரலைப் பிரித்துப் பார்ப்பான். அதோடு எல்லார் பணமும் போச்சு. சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து என்று அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அன்று மதியம் அத்தான் படியேறும் சத்தம் கேட்டதுமே, ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். பல் வலியா என்றார் அத்தான். அதற்கும் ஆட்டினார். புதனும் இதே கதை, வியாழனும் இதே கதை. மற்ற நேரத்திலும், ஒன்று பேசினால் ஒன்பது வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டார் ஜன்னலைத் திறந்தே வைத்தார்கள், ஏதாவது ஆகிவிட்டதோ என்று. வெள்ளிக்கிழமை கணவர் வேலைக்கு லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார். "பேச மாட்டேங்குறா டாக்டர்" என்றார் அவர். டாக்டர் டார்ச்சை அடித்து, ஆ என்று சொல்லச் சொன்னார். நாலு நாள் அடைத்து வைத்திருந்த வாய். அக்கா சொன்ன ஆ முடிகிற வழியாக இல்லை. டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை அத்தான் வழக்கத்தைவிட உற்சாகமாக வந்து உட்கார்ந்தார். மாடி கட்டுவதற்கு பேங்க் கடனும் வந்துவிட்டதாம். கொத்தனார் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதாம்.

"சும்மா கெடக்கறதுக்கு அதையும் பெட்டகத்துல போட்டுடலாம்னு இருக்கேன். இந்த மாசத்துக்குப் புதுப் பணம் வாங்கறத இன்னிக்கி நாலு மணிக்கு மூடிடுவான். கடைக் கம்ப்யூட்டர்லதான் போட முடியும், சாப்ட்டு ஓடணும்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. அக்கா வாயில் தண்ணீர். போடாதீர்கள் என்று சொல்ல முடியாது. அவசரக் கதவைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் வாக்குக் கொடுத்திருக்கிறார், பேசவே கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இது தோன்றியதும் அக்கா தண்ணீரை மடக்கென்று விழுங்கினார். அடுத்த நொடி பேச ஆரம்பித்தார்.

மூன்றாம் மாடி வீட்டு வாஷிங் மெஷின் ஆடி ஆடி நகர்ந்து, குளியலறைக் கதவை உள்ளிருந்தே அடைத்துக்கொண்ட கதையில் தொடங்கினார். அங்கிருந்து அந்த வீட்டு மருமகள், மருமகளின் தம்பி, தம்பி வாங்கிய கார், காரின் நிறம். அத்தான் கை கழுவிவிட்டு வந்தார், கதை தம்பியின் மாமனார் வீட்டில் இருந்தது. மனைவியின் தங்கை பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது அத்தானின் சுபாவத்தில் இல்லை. நாற்காலி நுனிக்கு வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், செருமினார். அக்கா மூச்சு வாங்குகிற இடைவெளியில் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அக்கா மூச்சு வாங்கினால்தானே.

மூன்றேகாலுக்கு ஓர் இசகுபிசகு. ஒரு மெத்தையோடு எட்டுப் பேர் லிஃப்டில் ஏறி நடுவில் மாட்டிக்கொண்டதை, கணவர் சொன்ன கதை அது, நன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, அவர்களை வெளியே எடுத்தது லிஃப்டின் அவசரக் கதவு வழியாக என்பது உறைத்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த வார்த்தையும் வந்துவிடும், தன் வாயைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதா? எட்டுப் பேரையும் லிஃப்டிலேயே விட்டுவிட்டு மெத்தைக்குத் தாவினார். பஞ்சு நல்லதா, தென்னைநார் நல்லதா, முதுகுக்கு எது ஒத்துக்கொள்ளும்.

"அவங்க வெளிய வந்தாங்களா இல்லையா?" என்றார் அத்தான் பலவீனமாக.

"வந்துருப்பாங்க அத்தான். இந்த மெத்த இருக்கே..."

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அக்கா சட்டென்று நிறுத்தினார். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்த மனிதர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை, திங்கட்கிழமையும் வரவில்லை. பெரியக்காதான் போன் பண்ணி, அவர் ஆசையாகச் செய்ய நினைத்ததை வாயாலேயே கெடுத்துவிட்டாய், ஒரு நாளாவது அந்த வாயை அடக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினார். ஒரு நாளாவதா! அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

செவ்வாய் பதினொன்று ஏழுக்கு நத்தையிடமிருந்து செய்தி. கதவை அடைத்தாயிற்று, ஒரு காசு போகவில்லை, இனி நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். அதற்குக் கீழே சன்மானத் தொகை, கணவரின் நாலு வருஷச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட. அக்கா அதைச் சரியாகக்கூடப் படிக்கவில்லை. வலதுகால் செருப்பு ஒன்று, இடதுகால் செருப்பு வேறொன்று, கையில் பூண்டு வாசனையோடு தெருவில் ஓடினார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார், பால் வண்டிக்காரருக்குக் கை ஆட்டினார், கால் தரையில் பாவவில்லை.

கடையில் அத்தான் ஒரு கண்ணாடிக்கு மூக்குப்பிடி மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அக்காவைக் கண்டதும் மறுபடி குனிந்துகொண்டார். வழியெல்லாம் எத்தனையோ பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்த அக்காவுக்கு, ஆயுளிலேயே முதல்முறையாக நாலு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

"அத்தான், நீங்க பணம் போட்டு வெச்ச பெட்டகத்துல ஓட்டை இருந்துச்சு. யாரு வேணா எல்லாத்தையும் எடுத்துருக்கலாம். நான்தான் கண்டுபிடிச்சேன், அடைக்கிற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. இப்பதான் அடைச்சாங்க."

அத்தான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. அவர் மனதுக்குள் செவ்வாய், புதன் என்று நாட்கள் ஒவ்வொன்றாக வருவது முகத்தில் தெரிந்தது. சனிக்கிழமை வந்ததும் கண் கலங்கிவிட்டது.

"அதுக்குத்தானா அந்த மெத்த?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார்.

அத்தான் எழுந்து போய், கடைக் கதவில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் வெளியே தெரியும்படி திருப்பினார். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். பிறகு கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.